கீழே குட்டி அழுகிறான்

முதல் கொப்புளத்தை ரோஜா கொசுக்கடி என்றுதான் நினைத்தாள். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் கொசுவுக்குப் பஞ்சமா என்ன? மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். பழைய கிட்டங்கிகளுக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் நகராமல் நின்றது. கழுத்தோரம் சொறிந்துகொண்டே குட்டிக்குப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், மறுபடியும் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். மறுநாள் குளிக்கப் போனபோது வயிற்றிலும் முதுகிலும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு நின்றது. அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டபோது பார்த்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் சின்ன வயதில் அது வராமலே போய்விட்டது.

குட்டி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நெடுநாள் கிடந்து, மூக்கில் குழாயும் காலில் ஊசியுமாக இருந்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது. அதனால் தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, அம்மாவின் வெற்று மார்பில் குப்புறப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியால் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். நர்ஸ்மார்கள் அதைக் கங்காரு என்பார்கள். தூங்கும்போதுகூட அப்படித்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ரோஜா தூங்கப் பழகியிருந்தாள். அவன் சில சமயம் மூச்சு விட மறந்துபோவான். அப்போது உள்ளங்காலை லேசாகச் சுண்டினால் ஞாபகம் வந்தவன்போல ஒரு மூச்சு இழுப்பான். அதையும் நர்ஸ்மார்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ரோஜா குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, குட்டியைத் தூக்கிட்டு வெளிய போயிருங்க. எனக்கு அம்மை போட்டிருக்கு."

இசக்கிராஜா மட்டாஞ்சேரி படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து பதினெட்டு வயதில் கிளம்பி வந்தவன். கைகள் இரண்டும் கல்லின் சூடு பட்டுப் பட்டுத் தழும்பேறிக் கிடக்கும். குட்டி பிறந்ததிலிருந்து இசக்கிராஜா அவனைத் தூக்கியதே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீட்டியபோதுகூட, கீழே விட்டுவிடுவேன் என்று இரண்டடி பின்னால் போனவன். வீட்டில் துணி துவைப்பான், சமைப்பான், மருந்து வாங்கி வருவான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பான், அவ்வளவுதான். அன்றைக்கு அவன் எப்படித் தூக்கினான் என்று ரோஜா பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குட்டி சிணுங்கும் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்து போனது.

ஆஸ்பத்திரியில் குட்டிக்கு ஒரு ஊசி போட்டார்கள். டாக்டரம்மா நிதானமானவர், பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டார். கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்பே அது பரவ ஆரம்பித்திருக்கும், குழந்தை முழு நேரமும் அம்மா மேல்தான் இருந்திருக்கிறான், அதனால் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம் என்றார். இந்த ஊசி வேகத்தைக் குறைக்கும், வரவே வராது என்று சொல்ல முடியாது. வார்டில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை, அங்கே இவனைவிடச் சின்னக் குழந்தைகள் கிடக்கின்றன. அம்மாவைத் தனியே வையுங்கள், கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டுகிறவரை குழந்தையிடம் விடாதீர்கள். மார்பில் கொப்புளம் இல்லாவிட்டால் பாலை மட்டும் பிழிந்து கொடுக்கலாம். உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கிறதா என்று இசக்கிராஜாவைக் கேட்டார். அவன் புருவத்துக்கு மேலே இருந்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினான். அப்படியென்றால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அவர்கள் குடியிருந்தது பழைய மிளகுக் கிட்டங்கியைத் தடுத்துக் கட்டிய வீட்டில். கீழே ஒரு அறையும் சமையல்கட்டும். மேலே மரப்பலகைத் தளம் போட்ட ஒரு மாடி அறை. முன்பு சுக்கு மூட்டை அடுக்கிவைத்த இடம். வாசனை இன்னும் போகவில்லை. முற்றத்திலிருந்து மரப்படி ஏறித்தான் அங்கே போக வேண்டும். வீட்டுக்காரி சுபாஷிணி பக்கத்துப் பகுதியில் இருந்தாள். அவள் குடும்பம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் பாதி மலையாளமாக இருக்கும். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. விஷயம் கேட்டதும் அவளே போய் மாடியைக் கூட்டிப் பெருக்கிப் பாய் போட்டுவிட்டு வந்தாள்.

"மேல முறி காலியாத்தானே கிடக்கு. நீ அங்க இருந்துக்கோ. சோறும் சாயாவும் படியில வெச்சுடறேன். ஒண்ணும் பேடிக்கண்டா" என்றாள்.

பயப்படாதே என்று சொல்வது அவளுக்குச் சுலபம். ரோஜா மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காய்ச்சல் அன்று சாயங்காலமே கொதிக்க ஆரம்பித்தது.

இசக்கிராஜா மாடிப்படியில் வேப்பிலைக் கொத்து ஒன்றைச் செருகிவைத்திருந்தான். மட்டாஞ்சேரியில் எங்கே தேடிப் பறித்தானோ. அவர்கள் ஊரில் அம்மை வந்தால் மருந்து கொடுக்கக்கூடாது, அம்மன் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் வேளாவேளைக்குப் போன் செய்து, மாத்திரை போட்டாயா என்று கேட்டதும் அவன்தான்.

உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்ததை ரோஜா பொருட்படுத்தவில்லை. அவளைக் கொன்றது சத்தம். பலகைத் தளம் எதையும் மறைக்கவில்லை. கீழே டம்ளர் வைக்கும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், குட்டி அழும் சத்தம், எல்லாம் அவள் காதுக்குள்ளேயே நடந்தன. குட்டியின் அழுகை பெரிய பிள்ளைகள் அழுகிற மாதிரி இருக்காது. பூனைக்குட்டி எங்கோ மாட்டிக்கொண்ட மாதிரி, மெலிசாக, இடையிடையே அறுந்து அறுந்து வரும். அது கேட்டவுடன் மார்பில் பால் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். கொதிக்கவைத்த கிண்ணத்தில் பாலைப் பிழிந்து மூடி, படியின் நடுவில் வைத்துவிட்டு மேலே வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு இசக்கிராஜா வந்து எடுத்துப் போவான். பாலாடையில் ஊற்றித் துளித் துளியாகப் புகட்ட வேண்டும்.

முதல் நாள் அவன் ஊட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ரோஜாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்: தலையை முழங்கையில் தாங்க வேண்டும், உதட்டோரம் வைத்தால் போதும், விழுங்கினானா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். பாதிப் பால் குட்டியின் கழுத்தில் வழிந்தது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"நெஞ்சுல கட்டிக்கிட்டீங்களா?"

"கட்டிருக்கேன்."

"மூச்சு விடுதானா?"

"விடுதான். நீ படு."

இரண்டொரு நாளில், பாயை நகர்த்திப் போடும்போது, பலகைகளுக்கு நடுவில் விரல் தடிமனுக்கு ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தாள். குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தால் கீழே கட்டிலின் பாதி தெரிந்தது. இசக்கிராஜாவின் உச்சந்தலை, சட்டையில்லாத தோள், மார்பில் கட்டிய அவளுடைய பழைய சேலைத் துணி, துணிக்கு மேலே குட்டியின் மஞ்சள் தொப்பி. தொப்பி மேலும் கீழுமாக அசைவதை வைத்து மூச்சு விடுகிறான் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு அவள் பாயில் படுக்கவே இல்லை. முகத்திலிருந்த கொப்புளங்கள் பலகையில் உரசி உடைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. சுபாஷிணி வைத்த சோறு படியிலேயே ஆறிப்போனது.

ஒரு நாள் காலையில் பொறுக்கமாட்டாமல் போன் செய்து, குட்டியின் இடுப்புத் துணி நனைந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவன் துணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். இருவர் கண்ணும் சந்தித்தன.

அவன் குட்டியின் தலையை ஒரு கையால் மூடிக்கொண்டு அடுத்த பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சுபாஷிணியிடமிருந்து ஒரு ஸ்டூலும், பெட்டி ஒட்டுகிற அகலமான பழுப்பு டேப்பும் வந்தன. குட்டியை அவளிடம் முற்றத்தில் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி நின்று, பலகை இடுக்குகளை ஓர் ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தான். ரோஜா கண்ணை எடுக்கவில்லை. அவன் முகம் மிகப் பக்கத்தில் வந்தது. தாடி வளர்ந்து, கண் குழி விழுந்திருந்தது. அவள் இருப்பது தெரிந்தும் அவன் பார்க்கவில்லை. டேப் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு பழுப்பு இருட்டு.

மத்தியானம் அவனே போன் செய்தான்.

"கோவிச்சுக்கிடாத ரோஜா. காத்துலயே பரவும்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ. நீ மூச்சு விட்டா நேரா அவன் தலையிலதான் விழும்."

அவளால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் கொடுமை. அவன் செய்தது சரி. தன் மூச்சே தன் பிள்ளைக்கு விஷம் என்று ஆன பிறகு யாரைக் கோபித்துக்கொள்வது? கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் கொப்புளங்களில் பட்டு எரிந்தது.

அடுத்த நாள் இடது மார்பின் ஓரத்தில் ஒரு கொப்புளம் எழும்பியது. அந்தப் பக்கத்துப் பால் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்நேஹா போனில் சொன்னாள். பால் கட்டிக்கொள்ளாமலிருக்கப் பிழிந்தே ஆகவேண்டும், பிழிந்ததைக் கொட்ட வேண்டும். கீழே குட்டி பசியில் அழுதுகொண்டிருக்க, ரோஜா மாடிச் சன்னல் வழியாகப் பாலை ஓட்டுக் கூரையில் ஊற்றினாள். மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

அது நடந்தது ஒரு மத்தியானத்தில். நல்ல மழை. குட்டிக்குப் பால் புகட்டும் நேரம். அவன் அழுதுகொண்டிருந்தான், இசக்கிராஜா ஏதோ பேசிச் சமாதானம் செய்துகொண்டிருந்தான். இப்போதெல்லாம் அவன் குட்டியோடு நிறையப் பேசினான். கடையில் நடந்தது, ஊரில் நடந்தது எல்லாவற்றையும் சொல்வான். அந்தப் பேச்சு நடுவில் நின்றது. அழுகையும் நின்றது. ஒரு இருமல் மாதிரி, இருமல்கூட இல்லை, ஒரு க்ளுக். அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ரோஜா கூப்பிட்டாள். போன் செய்தாள், கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்தபோது ஞாபகம் வரவில்லை. முற்றத்து மழையில் நனைந்தபடி வீட்டு வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கிராஜா தரையில் மண்டியிட்டிருந்தான். குட்டி அவன் இடது முன்கையில் குப்புறக் கிடந்தான், தலை தாழ்ந்து. முகம் தெரியவில்லை. காது தெரிந்தது, அது நீலமும் சாம்பலுமாக இருந்தது. இசக்கிராஜா அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவான், தேய்ப்பான், உள்ளங்காலைச் சுண்டுவான், மறுபடி தட்டுவான். நிழல் விழுந்ததைப் பார்த்து ஒரு நொடி நிமிர்ந்தான்.

"வராத" என்றான். அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல்.

நாலு எட்டு வைத்தால் குட்டி. ரோஜாவின் இரண்டு கைகளும் தாமாக முன்னால் நீண்டன. அந்தக் கைகள் முழுக்கக் கொப்புளம், சில உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை இழுத்துத் தன் கக்கத்துக்குள் செருகி இறுக்கிக்கொண்டாள். உள்ளே போகவில்லை. திரும்பியும் போகவில்லை. தன்னை யாரோ அந்த நிலையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்ட மாதிரி நின்றாள். சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை. சுண்டுங்க, சுண்டுங்க என்று உதடு மட்டும் அசைந்தது.

குட்டியின் வாயிலிருந்து பால் கொளுக்கென்று தரையில் விழுந்தது. ஒரு கேவல். பிறகு அந்தப் பூனைக்குட்டி அழுகை.

காது சிவக்கிறதா என்று பார்க்கும்வரைதான் நின்றாள். சிவந்தது. உடனே திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். மேலே போனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே குட்டி அழுதுகொண்டே இருந்தான். அவனோடு சேர்ந்து இன்னொரு அழுகையும் கேட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் புருஷன் அழுது அவள் கேட்டதில்லை. போன் செய்யலாமா என்று கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். என்ன சொல்லித் தேற்றுவது? வாசல்வரை போனோமே, அதனால் ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நாட்கள் கொஞ்சம் இளகின. காய்ச்சல் விட்டது. கொப்புளங்கள் ஒவ்வொன்றாக வற்றிக் கறுத்துப் பொருக்குத் தட்டின. தினமும் கண்ணாடியில் பார்த்து, இன்னும் எது ஈரமாக இருக்கிறது என்று தேடுவாள். கடைசியில் காலில் சில மட்டுமே பாக்கி. கீழே புகட்டும் நேரம் குறைந்துகொண்டு வந்தது; இசக்கிராஜாவின் கை பழகிவிட்டது. ஓட்டலில் அவன் கல்லில் வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள் என்று சுபாஷிணி மூலமாகத்தான் ரோஜாவுக்குத் தெரிந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னும் ஓரிரு நாளில் கீழே வந்துவிடலாம் என்றுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவன் போனில் ஒரு படம் அனுப்பினான். குட்டியின் வயிறு. தொப்புளுக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி, அதன் நடுவில் கடுகளவு நீர்.

கீழே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். பிறகு அவனே போன் செய்து கேட்டான்.

"கொசுவா இருக்கும்லா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றாள் ரோஜா.

சுபாஷிணி துணைக்குப் போனாள். ஆட்டோ அந்தக் குறுகலான தெருவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்வந்து கடைசியில் கிளம்பியதை ரோஜா சன்னலிலிருந்து பார்த்தாள். இசக்கிராஜாவின் சட்டைக்குள் ஒரு புடைப்பாக மட்டும் குட்டி தெரிந்தான். ஆட்டோ போன பிறகு வீடு ஓய்ந்துபோனது. இத்தனை நாள் அந்த அழுகை நிற்காதா என்று தவித்தவளுக்கு இப்போது அது கேட்காதா என்றிருந்தது. பால் சுரந்து தரையில் சொட்டியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. என்னிடமிருந்து போனது, என்னிடமிருந்து போனது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒளிந்துகொண்டது, டேப் ஒட்டியது, கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஒன்றும் பலிக்கவில்லை. முதல் நாளே அவனுக்குள் போய்விட்டதை மாடியில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள்.

போன் வர வெகுநேரமாயிற்று. எடுத்தபோது மறுமுனையில் டாக்டரம்மாவே பேசினார். குழந்தைக்கு வந்துவிட்டது என்றார். லேசான காய்ச்சல், புள்ளிகள் அதிகமில்லை, ஊசி போட்டதால் கடுமையாக இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் நுரையீரலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்து நரம்பில் ஏற்ற வேண்டும், தனி அறையில் வைக்கிறோம். ரோஜா ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மலையாளத்தில் சொன்னது பாதிதான் மனதில் ஏறியது. கடைசியில் சொன்னது மட்டும் முழுசாக ஏறியது.

"இனி நிங்ஙள் மாறி நிற்கண்டா. வந்நு குஞ்ஞினெ எடுத்தோளூ."

இனி விலகி நிற்க வேண்டியதில்லை, வந்து குழந்தையை எடுத்துக்கொள்ளலாம்.

ரோஜாவின் நெஞ்சுக்குள் சந்தோஷம் குப்பென்று பொங்கிவிட்டது. பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் தாய்க்குச் சந்தோஷம். அந்த நிமிஷத்தில் தன்னையே அவளுக்குப் பிடிக்காமல்போனது. ஆனாலும் கைகள் தாமாகச் சேலையை மாற்றிக்கொண்டிருந்தன.

தனி அறை பின்கட்டின் கோடியில் இருந்தது. முகம் முழுக்கப் பொருக்கோடு அவள் வருவதைப் பார்த்து வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். இசக்கிராஜா நாற்காலியில் மார்பில் குட்டியோடு உட்கார்ந்திருந்தான். துணியை அவிழ்த்துக் கொடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குட்டி கனத்திருந்தான். அவள் ஞாபகத்தில் வைத்திருந்த கனம் இல்லை. நெற்றியில் ஒன்று, வயிற்றில் சில, கையில் ஊசி குத்திக் கட்டிய அட்டை. ரோஜா ரவிக்கையைத் தளர்த்தி அவனை மார்பில் கிடத்தினாள். அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான், பிடிக்கவில்லை. அழ ஆரம்பித்தான். பாலாடைக்குப் பழகிய வாய்க்கு மார்பில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் உடம்புக்கும் அவனை எப்படி வாங்கிக்கொள்வதென்று மறந்திருந்தது. அவன் அழ அழ அவளுக்கு வியர்த்தது. உதவிக்கு ஸ்நேஹாவைக் கூப்பிடலாமா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். அறையில் புருஷன் மட்டும்தான் இருந்தான்.

"ஏங்க, இவன் எந்தப் பக்கம் படுப்பான்?"

"வலது காது கீழ இருக்கணும். அப்பத்தான் ஒறங்குவான்" என்றான் இசக்கிராஜா. பக்கத்தில் வந்து குனிந்து, அந்தத் தழும்புக் கையால் குட்டியின் தலையை மெல்லத் திருப்பிவைத்தான். "காலை மடக்கி விட்ரு. ஒரு கையை வெளிய எடுத்து விடணும், இல்லன்னா கத்துவான். ம், அப்படித்தான். இப்ப எதாவது பேசு."

"என்ன பேசட்டும்?"

"எதுன்னாலும் சரிதான். சத்தம் கேட்டாப் போதும் அவனுக்கு."

குட்டியின் உடம்பு அவள் மார்பில் காய்ச்சலோடு சுட்டது. வெளியே வண்டிச் சத்தம். ரோஜா, ஆட்டோவில் வரும்போது தோப்பும்படியில் வண்டிகள் நின்றுபோனதையும், பாலத்தில் காற்று அடித்ததையும், டிரைவர் திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததையும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.